எழுத்தைப் பிடித்துக்கொள்: குன்றாண்டார்கோவில் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

வெளியூர் வேலையை விட்டுவிட்டுக் குன்றாண்டார்கோவிலில் இருந்தபடியே வெப்சைட் செய்து பிழைக்கப் போவதாக எழுதியிருந்தாய். ரெடிமேட் டெம்ப்ளேட்டும் செயற்கை நுண்ணறிவும் அரை மணி நேரத்தில் ஒரு தளத்தைச் செய்து தரும்போது, நம்மிடம் வந்து யார் காசு கொடுப்பார்கள் என்றும் கேட்டிருந்தாய். இதே தொழிலில் தலை நரைத்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். தமிழ் எழுத்துக்காகக் கொடுப்பார்கள். அதை நீ ஒழுங்காகக் கற்றுக்கொண்டால்.

அந்த டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை அளவாக வைத்துச் செய்தவை. அவற்றில் தமிழைக் கொட்டிப் பார். மேல்வரியில் இருக்கும் 'கூ'வின் அடி, கீழ்வரியில் இருக்கும் 'கீ'யின் கொக்கியோடு முட்டும். ஆங்கிலத்துக்கு 1.2, 1.4 என்று வைக்கிற வரி உயரம் நமக்குப் போதாது. நான் 1.6-க்குக் கீழே இறங்குவதில்லை. தலைப்பை எடுப்பாகக் காட்ட ஆங்கில டெம்ப்ளேட் செய்தவர்கள் எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக மாற்றுவார்கள். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. ஆகவே அளவாலும் தடிமனாலும்தான் தலைப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் சொல் சொல்லாக நிற்காது, சிதறிவிடும். 'தொடர்புகொள்ளவும்' என்ற ஒரே சொல் சின்ன போனில் பட்டனை விட்டு வெளியே ஓடும். இதையெல்லாம் கணினித் திரையில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதே. உன் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் வெயிலில் நின்றுகொண்டு, கீறல் விழுந்த போனில் பார்க்கிறார். அங்கே படிக்க முடிந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.

ஃபான்ட் விஷயத்தில் நாம் இப்போது பணக்காரர்கள். கூகுள் ஃபான்ட்ஸில் மட்டும் பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், கவிவனார், ஏக் டைப் குழுவின் முக்த மலர் என்று இலவசமாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் 'ண'வையும் 'ழ'வையும் பெரிதாக்கி வைத்துப் பார். எது கடைப் பலகைக்கு, எது நீண்ட கட்டுரைக்கு என்று உன் கண்ணே சொல்லும்.

கீரனூரில் ஏதாவது டிடிபி கடையிலிருந்து வாடிக்கையாளர் கொண்டுவரும் நோட்டீஸ் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டில் இருக்கும். அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பைதான் வரும். அவசரத்தில் பலர் அதைப் படமாக்கி ஏற்றிவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் சொல்லைத் தேடுபொறி முழுசாக நம்பிப் பிடித்துத் தராது. கண் தெரியாதவரின் போன் அதை வாசித்துக் காட்டவும் தடுமாறும். யூனிகோடுக்கு மாற்று, மாற்றியபின் வரிவரியாகப் பிழை பார். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடு. அந்த ஒரு வரி இருந்தால்தான் திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்று தெரிந்துகொள்ளும். இதை யாரும் உன்னிடம் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் செய்.

இணையத்தில் தமிழ் படிக்கும் வசதி நமக்குச் சும்மா வரவில்லை. 1995-இல் இணையத்தில் முதன்முதலாகத் தமிழை ஏற்றியவர்களில் முன்னால் நிற்பவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. அவர் தமிழாசிரியர், சிறுகதை எழுதியவர். 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வு செய்தவர். நமக்குப் பக்கத்தில், அதிராம்பட்டினத்தில், உமர்தம்பி இருந்தார். அப்போது தளத்துக்குத் தளம் வேறு வேறு ஃபான்ட். வாசகர் அதை இறக்கித் தன் கணினியில் நிறுவினால்தான் படிக்க முடியும். உமர்தம்பி செய்த தேனீ இயங்கு எழுத்துரு, பக்கத்தோடு எழுத்தையும் சேர்த்தே கொண்டுவந்து சேர்த்தது. அதை இலவசமாகவே கொடுத்தார். 2006-இல் இறந்துபோனார். தளம் செய்கிற பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிற்றூரில் உட்கார்ந்து என்ன செய்துவிட முடியும் என்று உன் வீட்டில் கேட்டால் அவரைப் பற்றிச் சொல்.

பணத்துக்கு வருகிறேன். தெரிந்தவர், உறவுக்காரர் என்று வாய்ப்பேச்சில் வேலையைத் தொடங்காதே. எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி என்று கொட்டேஷனில் எழுதிக் கொடு. பாதிப் பணம் அட்வான்ஸ். டொமைனை வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவு செய், கடவுச்சொல்லை அவர் கையில் கொடு. உன் பெயரில் வைத்துக்கொண்டால் அவர் உன்னை விட்டுப் போகமாட்டார் என்று சிலர் தந்திரம் சொல்லித் தருவார்கள். அது திருட்டு. ஆண்டுப் பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் பேசு, மாதச் செலவு அதில்தான் ஓடும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் நிறுவனங்கள் டிடிஎஸ் பிடிக்கும். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

இன்னொன்று. வேலை இல்லாத நாளில் புது மென்பொருள் கற்றுக்கொள்கிறேன் என்று இரவெல்லாம் வீடியோ பார்க்காதே. உன் ஊர்க் குன்றில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை இருக்கிறது. அதற்கு முன்னால் பிற்காலத்தில் தேர்போலச் சக்கரமும் குதிரையும் வைத்துக் கட்டிய மண்டபம் நிற்கிறது. குடைந்தவர் வேலையை மறைக்காமல் எப்படி முன்னால் கட்டினார்கள் என்று நின்று பார். பிறர் செய்த தளத்தைத் திருத்தித் தரும் வேலை உனக்கு நிறைய வரும், அப்போது அந்தப் பாடம் கைகொடுக்கும். கல்வெட்டு வாசிக்கவும் பழகு. கல்லிலும் ஓலையிலும் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். ஓலையில் எழுத்தாணிக்கு ஏற்ப எழுத்து வளைந்தது. 1978-இல் அரசாணை வந்து ணை, லை, றா, னா எல்லாம் வடிவம் மாறின. எழுதப்படும் பொருளுக்கும் காலத்துக்கும் ஏற்ப எழுத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போதைய பொருள் கண்ணாடித் திரை, அதில் எழுத்தை உட்காரவைக்கும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது.

முதல் வாடிக்கையாளர் திருமண மண்டபக்காரர் என்றாய். முகப்புப் பக்கத்தை மூன்று ஃபான்ட்டில் செய்து எனக்கு அனுப்பு. வாடகை, தேதி, போன் எண் மூன்றும் மேலேயே இருக்கட்டும். படங்களைச் சுருக்கி ஏற்று, ஊர்ப்பக்கம் சிக்னல் இழுக்கும். என் வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் திறந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா