சொற்பொருள் வேறுபாடு: ஆங்கிலத்தில் 'கூலி'யும் அதனை ஒத்த சொற்களும்

க.பொ.த. (சா/த) – தமிழ்மொழியும் இலக்கியமும்
சொல்வளமும் பொருள் மாற்றமும்

அறிமுகம்

ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது அதன் ஒலி அப்படியே இருக்கலாம், பொருள் மாறிவிடலாம். இதற்குச் சிறந்த உதாரணம், கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கிய 'கூலி' என்னும் சொல்லாகும். ஆங்கிலத்தில் இதனை சி, ஓ, ஓ, எல், ஐ, ஈ என்னும் எழுத்துகளால் எழுதுவர்.

1. தமிழில் 'கூலி'

தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குக் கிடைக்கும் பயன். அது பணத்தின் பெயர். ஆளின் பெயர் அன்று. வேலை செய்பவரைக் கூலியாள் என்றோ கூலிக்காரர் என்றோ கூறுவோம்.

திருக்குறளின் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள் (குறள் 619). உடல் வருந்தி முயன்றவருக்குக் கிடைக்கும் பலனையே வள்ளுவர் கூலி என்கிறார். எனவே இச்சொல்லில் இழிவு எதுவும் இல்லை.

2. ஆங்கிலத்தில் 'கூலி'

இச்சொல்லின் பிறப்புப் பற்றி இரு கருத்துகள் உள்ளன.
(அ) குஜராத்துப் பகுதியில் வாழும் கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்தது.
(ஆ) தமிழ்ச் சொல்லாகிய கூலியிலிருந்து வந்தது, அல்லது அதன் செல்வாக்கைப் பெற்றது.

போர்த்துக்கேயர் வழியாக ஆங்கிலத்தை அடைந்த இச்சொல், அங்கு ஆளையே குறித்தது. உழைப்பின் விலை உழைப்பவரின் பெயராகிவிட்டது. 1820களில் கண்டிப் பிரதேசத்தில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் பலர் நோயால் இறந்தனர். ஏவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அத்தேயிலையை வளர்த்தவர்களையும் தோட்ட ஆவணங்கள் இச்சொல்லாலேயே குறித்தன. அவர்களுடைய குடியிருப்பு 'கூலி லைன்' எனப்பட்டது; நம் பேச்சில் அது லயம் ஆயிற்று. துரைமார் தமிழ் பயில்வதற்கு எழுதப்பட்ட ஒரு கைந்நூலுக்கும் 'கூலித் தமிழ்' என்றே பெயர். ஆளுக்கு இட்ட பெயர் அவருடைய வீட்டுக்கும் மொழிக்கும்கூட ஒட்டிக்கொண்டதைக் கவனியுங்கள்.

3. ஒத்த சொற்களின் பொருள் வேறுபாடு

• கூலி – நாள் அல்லது அளவுக் கணக்கில் வேலைக்குப் பெறுவது.
• சம்பளம் – குறித்த காலத்துக்கு ஒழுங்காகப் பெறுவது. தோட்டங்களில் நாட்சம்பளம் என்றும் வழங்கும்.
• வேதனம் – சட்டத்திலும் அலுவலக எழுத்திலும் வழங்கும் சொல் (உ-ம்: குறைந்தபட்ச வேதனம்).
• ஊதியம் – முன்னர் இலாபம், பயன் என்னும் பொருளது. இன்று சம்பளத்தையும் குறிக்கும்.
• கூலியாள் – கூலிக்கு வேலை செய்பவர். வேலையின் தன்மையை மட்டும் கூறும்.
• தொழிலாளி – தொழிலைச் செய்பவர். உரிமையும் மதிப்பும் உடையவர் என்ற பொருளும் சேர்ந்து ஒலிக்கும்.

இறுதிச் சொல் தானாக நிலைபெறவில்லை. 1931இல் கோ. நடேசய்யர் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தொழிற்சங்கங்கள் வளர வளர, 'தொழிலாளர்' என்ற சொல்லும் வேரூன்றியது.

4. பொருள் மாற்றத்தின் வகை

உயர்ந்த பொருளிலோ பொதுப் பொருளிலோ வழங்கிய சொல் பின்னர் இழிந்த பொருளைப் பெறுவது இழிபொருட்பேறு ஆகும். முன்பு நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று கெட்ட வாடையைக் குறிப்பது இதற்கு உதாரணம். ஆங்கிலத்தில் 'கூலி' அடைந்ததும் இந்நிலையே. இன்று தென்னாபிரிக்கா முதலிய நாடுகளில் ஒருவரை இச்சொல்லால் அழைப்பது வசைமொழியாகக் கருதப்படுகிறது. இந்திய ரயில்வேயும் சுமை தூக்குவோருக்கு 'சஹாயக்' (உதவியாளர்) என்ற பெயரை 2016இல் அறிவித்தது.

5. விடை எழுதும்போது கவனிக்க

"ஆங்கிலேயர் கூலிகளைக் கொண்டுவந்தனர்" என்று மாணவர் பலர் எழுதுகின்றனர். இவ்வாக்கியத்தில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, 'கூலிகள்' என்பது துரைமாரின் சொல். இரண்டாவது, கொண்டுவருவது பொருளை, ஆட்களை அழைத்துவருவோம்.

திருத்தம்: "ஆங்கிலேயர் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்களை அழைத்துவந்தனர்."

எனினும், பழைய ஆவணத்தில் உள்ளதை எடுத்துக்காட்டும்போது அச்சொல்லை மாற்ற வேண்டாம். மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அக்காலத்தார் எப்படி நடத்தினர் என்பதற்கு அச்சொல்லே சான்று.

மாதிரி வினா

தமிழில் 'கூலி' என்பதற்கும் ஆங்கிலத்தில் 'கூலி' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இரு வாக்கியங்களில் விளக்குக.

மாதிரி விடை: தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பயனைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அது உழைப்பவரையே குறித்து, காலப்போக்கில் இழிபொருளைப் பெற்றது.

பயிற்சி

1. கூலி, வேதனம், ஊதியம் ஆகியவற்றை வேறுபாடு தோன்ற வாக்கியத்தில் அமைக்குக.
2. 'கங்காணி' என்பது 'கண்காணி' என்பதன் திரிபு. இச்சொல்லின் மூலப்பொருளையும் தோட்டத்தில் அது பெற்ற பொருளையும் ஒப்பிடுக.
3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பெரட்டு, லயம் போன்று ஆங்கிலத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த ஐந்து சொற்களைப் பொருளுடன் எழுதுக.

மூன்றாவது வினாவை விட்டுவிடாதீர்கள். அதற்குரிய விடை எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை, வீட்டில்தான் இருக்கிறது.