ஆலை விசிறி

முரசு கட்டிலென்று அறியாது அதன்மீது ஏறி உறங்கிய மோசிகீரனாரை ஒறுக்காமல், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தன் கையாலேயே கவரி வீசி நின்ற செய்தியை நீங்கள் முன்னரே கற்றிருப்பீர்கள். வேந்தன் கையாயினும் கை வலித்தால் வீச்சுத் தளரும். அருகில் ஒருவர் வந்தால் வீசும் கை தானே விலகும். மனிதன் வீசும் விசிறிக்கு மனிதனுடைய உணர்ச்சியே காவலாக இருக்கிறது. ஆலையில் மோட்டாரால் சுழலும் விசிறிக்கோ அவ்வுணர்ச்சி இல்லை. அதன் இறக்கையில் உமி பட்டாலும் ஒன்றே, விரல் பட்டாலும் ஒன்றே. ஆதலின் அதற்குரிய காவலை நாமே முன்னதாக எண்ணி அமைத்தல் வேண்டும்.

யான் வாழும் பெரியபாளையம், சென்னைக்கு வடமேற்கே ஆரணியாற்றங்கரையில் உள்ளது. பவானியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஆடித் திங்களில் வேப்பிலை ஆடை புனைந்து வரும் அடியவர் கூட்டத்தை நீங்கள் கண்டிருக்கலாம். இவ்வூருக்கு வடகிழக்கே கும்மிடிப்பூண்டியில், 1971-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சிப்காட் நிறுவனம் அமைத்த தொழில் வளாகம் இருக்கிறது. இரும்பை உருக்கும் உலைகளும், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கம்பியாக்கும் உருட்டாலைகளும் அப்பகுதியில் உள்ளன. சென்னைச் சாலையில் சென்றாலோ செங்குன்றத்தின் அரிசி ஆலைகள். இவை அனைத்திலும் விசிறி உண்டு. உலைக்குக் காற்றூதுவது விசிறி. நெல்லினின்று உமியைப் பிரித்துக் கொண்டுபோவது விசிறி. வண்ணம் பூசும் அறையில் நச்சாவியை வெளியேற்றுவதும் விசிறியே. கொல்லன் உலைத் துருத்தியும், களத்தில் தூற்றும் முறமும் செய்த தொழிலையே இது பன்மடங்காகச் செய்கிறது.

இலக்கணம் கற்பித்தவனுக்கு மோட்டாரைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது ஓர் உருட்டாலையில் மின்பிரிவின் மேற்பார்வையாளராக இருக்கிறார். சென்ற கோடையில் அவர் என்னை அழைத்துச் சென்று எல்லாவற்றையும் காட்டினார். “ஐயா, நீங்கள் புணர்ச்சி விதி சொன்னதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்” என்றார். யான் மாணவனாக நின்று கேட்டேன். கேட்டவற்றையே ஈண்டு எழுதுகிறேன். மோட்டாரை மின்னோடி எனச் சிலர் வழங்குவர். நல்ல சொல்தான், ஆயினும் ஆலையில் அச்சொல்லைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார் இல்லை. ஆகவே மோட்டார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆலை விசிறிகள் பெரும்பான்மையும் இருவகையின. ஒன்று, நம் வீட்டு விசிறியைப் போலக் காற்றை நேர்முகமாகத் தள்ளுவது. மற்றொன்று, நத்தைக்கூடு போன்ற உறைக்குள் சக்கரம் சுழல, நடுவில் காற்றை உறிஞ்சி விளிம்பின் வழியே வீசி எறிவது. இதனை ‘புளோயர்’ என்பர். இவற்றைச் சுழற்றும் மோட்டாரின் வரலாறு நெடியது. மின்னோட்டத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்யலாம் என்பதை மைக்கேல் பாரடே 1821-இல் இலண்டனில் செய்து காட்டினார். மாறுமின்னோட்டத்தால் இயங்கும் மோட்டாருக்கு நிக்கோலா தெசுலா 1888-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அவ்வகையினின்று வளர்ந்ததே இன்று ஆலைகளில் ஓடுவது. மூன்று கம்பிகளில், அஃதாவது மூன்று ‘பேஸ்’களில் வரும் 415 வோல்ட்டு மின்சாரத்தில் அது இயங்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று என்பது மிகப் பரவலான வேகம். நொடிக்கு 24 சுற்று என்று கணக்கிட்டால் அதன் விரைவு நன்கு விளங்கும்.

இனி, நிறுவும் முறையைக் காண்போம். முதலில் வேண்டுவது உறுதியான அடித்தளம். இறக்கையில் ஒரு பக்கம் சிறிது தூசி படிந்தாலும் சக்கரம் நிறை பிசகி அதிரும். வேகம் இருமடங்கானால் அவ்வதிர்ச்சியின் விசை நான்கு மடங்காகும். தளம் மெலிந்ததாயின் போல்ட்டுகள் தளரும். பின்னர்ப் பேரிங்கு தேயும். இறுதியில் சக்கரமே உறையில் உராயும். மோட்டாரின் நான்கு கால்களும் தளத்தில் ஒருசேரப் படிய வேண்டும். ஒரு கால் எழும்பி நிற்க, அதனைப் போல்ட்டால் இறுக்கி அமர்த்துதல் தவறு. இடைவெளிக்கு ஏற்ற தகட்டை வைத்தே அமர்த்துதல் வேண்டும். மோட்டாரின் புல்லியும் விசிறியின் புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்பதை ஒரு நூலைப் பிடித்தே கண்டுவிடலாம். பெல்ட்டை அளவுக்குமேல் இழுத்துக் கட்டினால் பேரிங்கு கெடும். தளர விட்டால் வழுக்கிச் சூடேறும். கிரீசும் அவ்வாறே. ‘கூடுதலாக இருந்தால் நல்லதுதானே’ என்று திணிப்போர் உளர். மிகுந்த கிரீசு உள்ளே கடையப்பட்டுச் சூட்டை உண்டாக்குமேயன்றிக் குளிர்ச்சி தாராது.

மோட்டாருக்கும் ஒரு விசிறி உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி. அதன் பின்புறத்து மூடிக்குள் சிறு விசிறி ஒன்று சுழன்று மோட்டாரைக் குளிர்விக்கிறது. மோட்டாரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அச்சிறு விசிறி மூச்சு முட்டும். பெரும்பாலான மோட்டார்கள் சூழ்ந்துள்ள காற்று 40 பாகை செல்சியசுக்கு மேற்படாது என்னும் கணக்கிலேயே செய்யப்படுகின்றன. கத்திரி வெயிலில் திருவள்ளூர் மாவட்டத்தின் வெளிக்காற்றே அவ்வெல்லையைக் கடந்துவிடும் நாள்கள் உண்டு. உலையருகில் சொல்லவே வேண்டா. சுருள்கம்பியின் மேலுள்ள காப்புறை, தாங்கும் வெப்பத்திற்குமேல் பத்துப் பாகை தொடர்ந்து கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு.

மின்னிணைப்பில் தலையாயது நில இணைப்பு. ஆலையில் ‘எர்த்து’ என்பர். உள்ளே காப்புறை பழுதுற்று மின்சாரம் மோட்டாரின் உடலில் பாய்ந்தால், அது நிலத்திற்குச் செல்லும் எளிய வழி ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வழி இல்லையேல், தொட்டவர் உடலே வழியாகிவிடும். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றொன்று காக்குமாறு, ஒவ்வொரு மோட்டாரின் உடலையும் தனித்தனியான இரு கம்பிகளால் நிலத்தோடு இணைக்கவேண்டும் என 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின. அவற்றுக்குப் பின் வந்த ஒழுங்குமுறைகளும் இதனைக் கைவிடவில்லை. மழைக்காலத்தில் நெடுநாள் ஓடாது கிடந்த மோட்டாரில் ஈரம் புகுந்திருக்கும். ‘மெக்கர்’ என்னும் கருவியால் காப்புறையைச் சோதித்த பின்னரே அதற்கு மின்சாரம் கொடுத்தல் வேண்டும்.

மோட்டார் புறப்படும்பொழுது, தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறு மடங்கு அளவுக்கு இழுக்கும். பெரிய விசிறிச் சக்கரம் பளுவானது; முழு வேகம் அடையச் சில நொடிகள் கழியும். அந்நொடிகளில் பிறக்கும் சூடு தணியுமுன் நிறுத்தியும் ஓட்டியும் விளையாடலாகாது. இணைப்பில் ஸ்டார்ட்டர் என்னும் பெட்டி இருப்பதன் பயன்களுள் ஒன்று, மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் மோட்டாரைத் தானாக ஓடவிடாமல் தடுப்பது. மின்தடை வேளையில் ‘நின்றுவிட்டதே’ என்று பெல்ட்டைத் தொடுபவனை இத்தடையே காக்கிறது. அதனைக் கட்டிவைத்து ஓட்டுகின்றவர்களும் இருக்கின்றார்கள் என்று என் மாணவர் வருந்தினார். மூன்று பேஸ்களில் ஒன்று அறுந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே சூடேறி எரிந்துபோகும். அதனை நிறுத்துவது பெட்டிக்குள் இருக்கும் ‘ரிலே’.

அந்த ரிலேயைப் பற்றி அவர் கூறிய ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்து உரைக்கிறேன். வேறோர் ஊரில் ஓர் ஆலையின் உலைக்குப் புதிய மோட்டார் பொருத்தினர். பொருத்தியபோது இரண்டு பேஸ்கள் இடம்மாறிவிட்டன. அவ்வாறு மாறினால் மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழலும். நேர்முக விசிறியாயின் காற்றும் எதிர்ப்புறமாக வந்து பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். நத்தைக்கூட்டு விசிறியோ தலைகீழாகச் சுழன்றாலும் காற்றை அதே வாயிலாகத்தான் வெளியிடும். அளவு மட்டும் மிகக் குறையும். ஆதலால் ஒருவரும் ஐயுறவில்லை. உலையில் சுடர் மங்கியது கண்டு, ‘வேகம் போதவில்லை’ என்று முடிவு செய்தனர். மோட்டாரின் எட்டங்குலப் புல்லியைக் கழற்றிவிட்டுப் பத்தங்குலப் புல்லியை மாட்டினர்.

இங்கே ஒரு கணக்கை நீங்கள் அறிதல் வேண்டும். விசிறியின் வேகம் கூடினால் காற்றின் அளவு அதே விகிதத்தில் கூடும். ஆனால் அதனைச் சுழற்ற வேண்டிய ஆற்றலோ அவ்விகிதத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். எட்டுக்குப் பத்து என்பது ஒன்றேகால். ஒன்றேகாலை மும்முறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு வரும். காற்று கால் பங்கு கூட, மோட்டாரின் சுமை இருமடங்காயிற்று. ரிலே தன் கடமையைச் செய்து மோட்டாரை நிறுத்தியது. உடனே ஒருவர் ரிலேயின் திருகைத் திருப்பி அளவை உயர்த்தினார். அன்றிரவே மோட்டார் எரிந்தது. முதற்பிழை இரண்டு கம்பிகளை மாற்றிப் பிடித்தால் நீங்கியிருக்கும். சக்கரம் உறைமேல் வரைந்துள்ள அம்புக்குறியின் திசையில் சுழல்கிறதா என்பதைப் பொருத்திய அன்றே ஒருகணம் ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். (இதே கணக்கு நன்மையும் தரும்: காற்று குறைவாகப் போதுமான வேளையில் வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தால், ஆற்றல் பாதியளவே செலவாகும். இதற்கெனவே அலைவெண்ணை மாற்றும் கருவிகள் இப்பொழுது வந்துள்ளன.)

எண்ணெயோ எரிவாயுவோ எரியும் உலையில் மற்றொரு முறையும் உண்டு. பற்றவைக்குமுன் விசிறியைச் சிறிது நேரம் ஓட்டி, உள்ளே தங்கிய ஆவியை வெளியேற்றிய பின்னரே தீ மூட்டுவர். விசிறி நின்றால் எரிபொருளும் தானே நிற்குமாறு இணைத்திருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் எரியாத ஆவி உலைக்குள் திரண்டு வெடிக்கும்.

பெல்ட்டும் புல்லியும் சேரும் இடம்தான் மிகக் கொடியது. துணியின் ஒரு நுனி சிக்கினால் போதும், ஆளையே இழுக்கும். துண்டு, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு அதன் அருகே செல்லலாகாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இயங்கும் உறுப்புகளுக்கு உறுதியான மூடி வேண்டும் என விதித்தது. ஓடும் இயந்திரத்தைச் சோதிக்க நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்று இறுகிய உடை அணிந்தவரே அதனைச் செய்யவேண்டும் என்றும் கூறிற்று. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் இப்பொழுது அதன் இடத்தில் உள்ளது. சட்டம் மாறினாலும் பெல்ட்டின் இயல்பு மாறவில்லை.

இவ்வளவும் சொல்லிவந்த என் மாணவரின் இடக்கையை அப்பொழுதுதான் உற்று நோக்கினேன். சுண்டுவிரலும் அதனை அடுத்த விரலும் பாதியோடு நின்றிருந்தன. “இது எப்பொழுது, தம்பி?” என்றேன். “வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஐயா. அது வேறோர் ஆலை. விசிறியை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றிப் பெல்ட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் இருந்தவருக்கு நான் உள்ளே இருப்பது தெரியாது. காற்று வரவில்லையே என்று பொத்தானை அழுத்திவிட்டார்” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அழுத்தியவர் தம் நண்பர் என்றும், அவர் அதன்பின் நெடுநாள் உறங்கவில்லை என்றும் கூறினார்.

பின்னர் என்னை ஒரு சுவிட்சுப் பெட்டியின் அருகே அழைத்துச் சென்றார். அன்று உலையின் புளோயர் ஒன்றில் பெல்ட்டு மாற்ற வேண்டியிருந்தது. சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் ஒரு பூட்டை மாட்டிப் பூட்டினார். ‘ஆள் வேலை செய்கிறார், இயக்காதே’ என்னும் பலகையில் தம் பெயரை எழுதித் தொங்கவிட்டார். சாவியைத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். அந்தப் பூட்டுக்கு வேறு சாவி இல்லை என்றார். வேலை செய்ய வந்த மற்றோர் இளைஞரும் தம் பூட்டு ஒன்றை அதன் அருகில் மாட்டினார். பிறகு ஸ்டார்ட்டரின் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள், ஓடவில்லை.

ஓடவில்லையாயினும், சக்கரம் இன்னும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. பளுவான சக்கரம் முன் பெற்ற வேகத்தால் சுழலும். அது நின்ற பிறகும், குழாயில் வரும் காற்று அதனை மெல்லத் திருப்பக்கூடும் என்றார் அவர். இளைஞர் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்து நின்றார். ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆயிற்று. காற்றுவழியின் தகட்டை மூடி, புல்லி அசையாதிருக்க மரக்கட்டையை முட்டுக் கொடுத்த பின்னரே, மூடியின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார்கள்.