மூடுபனியில் காணாமல் போகும் கட்டுமானக் கருவிகள்: காப்பது எப்படி?

திங்கட்கிழமை காலை ஏழு மணி. கொடைக்கானல் அருகே வில்பட்டி பக்கம், பாதி எழும்பிய ஒரு வீடு. பனி இன்னும் விலகவில்லை. வேலைக்கு வந்த கொத்தனார் தகரக் கொட்டகையைப் பார்க்கிறார். பூட்டு அறுந்து கிடக்கிறது. கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எதுவும் இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் சின்னதாக வீடு கட்டும் யாருக்கும் நடக்கக்கூடியது. கருவி போனால் வேலை நிற்கும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றைய கூலி போகும். வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் தகடும் ஜாக்கியும் போனால், கடைக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பெரிய சைட்டில் வாட்ச்மேன் இருப்பார். நம்ம சின்ன சைட்டுக்கு? எடுத்துப் போய் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த சைட்டுக்குக் கொண்டு போகும் சிறிய கேமராவும் அலாரமும் இப்போது கிடைக்கின்றன. ஆனால் சமவெளியில் நன்றாக வேலை செய்வது, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அப்படியே வேலை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது.

மலைக்கு ஏற்றது எது?

சோலார் தகடும் 4ஜி சிம்மும் உள்ள கேமராவுக்கு மின் இணைப்பு வேண்டாம், வைஃபையும் வேண்டாம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் உங்கள் செல்போனுக்குத் தகவல் வரும். வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, சிக்னல். மலைச்சரிவில் ஒரு பக்கம் சிக்னல் கிடைக்கும், மறுபக்கம் கிடைக்காது. உங்கள் செல்போனில் வெவ்வேறு நிறுவன சிம்களைப் போட்டு, கேமரா மாட்டப்போகும் இடத்திலேயே சோதித்துப் பாருங்கள்.

இரண்டு, வெயில். மழைக்காலத்திலும் பனி மூடிய நாட்களிலும் சோலார் சார்ஜ் குறையும். பேட்டரி அளவைத் தினமும் ஆப்பில் பாருங்கள். குறைந்தால் கழற்றி வீட்டில் சார்ஜ் செய்யுங்கள்.

மூன்று, பனி. இரவில் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பும். படம் வெள்ளையாகிவிடும். அதனால் கேமராவைத் தூரத்தில் மாட்டாமல், கொட்டகைக் கதவுக்கு மூன்று நான்கு மீட்டருக்குள் மாட்டுங்கள். காட்டுமாடும் நாயும் நடந்தால்கூட தகவல் வரும் என்பதால், சென்சாரின் உணர்திறனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

கேமராவோடு கதவு அலாரமும் அவசியம். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். கதவு திறந்தால் சைரன் அலறும். இதற்குச் சிக்னலும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். பனியில் கண் தெரியாவிட்டாலும் காது கேட்கும் அல்லவா? பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேமரா அவர்கள் வீட்டையோ, பெண் தொழிலாளர்கள் உடை மாற்றும் இடத்தையோ பார்க்கும்படி இருக்கக் கூடாது.

பத்து நிமிடப் பதிவு

கேமரா திருட்டைக் காட்டும். பொருள் உங்களுடையது என்று காட்டுவது பதிவுதான். இன்றைக்கே இதைச் செய்யுங்கள்:

- ஒவ்வொரு மெஷினின் வரிசை எண்ணையும் செல்போனில் படம் எடுங்கள்.
- பில்லைப் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.
- உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளத்தை மெஷினில் செதுக்குங்கள். பெயிண்ட் அழியும், செதுக்கியது எளிதில் அழியாது.
- மாலையில் கருவிகளை எண்ணிப் பார்த்துப் பூட்டுங்கள். விலை உயர்ந்ததை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

5,000 ரூபாய் கணக்கு

பில் ஏன் முக்கியம்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு, காவல்துறை நீதிமன்ற உத்தரவின்றி நேரடியாக விசாரிக்க முடியாத வகையில் வருகிறது. கட்டிங் மெஷின் 3,500 ரூபாய், டிரில்லிங் மெஷின் 2,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் சொன்னால் 5,000-க்குக் கீழே. ஒரே இரவில் போன இரண்டையும் சேர்த்துச் சொன்னால் 6,300. எனவே காணாமல் போன எல்லாவற்றையும் விலையோடு ஒரே புகாரில் எழுதுங்கள்.

பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்குத் தனிப்பிரிவு உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். எனவே கருவிகள் வெளியே கிடந்தனவா, பூட்டிய அறைக்குள் இருந்தனவா என்பதைப் புகாரில் தெளிவாகச் சொல்லுங்கள். எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைக் காவல்துறை பார்த்துக்கொள்ளும்.

திருட்டு நடந்துவிட்டால்

இரவில் அலாரம் அடித்தால் தனியாக ஓடாதீர்கள். 112-ஐ அழையுங்கள், அல்லது தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் அவசர உதவிப் பொத்தானை அழுத்துங்கள். காலையில் பார்த்தால் எதையும் தொடாமல் முதலில் படம் எடுங்கள். கேமராவின் மெமரி கார்டில் உள்ள பதிவை வெட்டவோ திருத்தவோ வேண்டாம்.

எந்தக் காவல் நிலைய எல்லை என்று குழம்ப வேண்டியதில்லை. எல்லை எதுவானாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம்.

இன்னொன்று. யாராவது பாதி விலைக்கு மெஷின் கொடுத்தால், பில் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றம்தான். அந்த மெஷின் இன்னொரு கொத்தனாரின் கூலியாக இருக்கலாம்.

கேமரா வாங்கப் பணம் சேர்க்கக் கொஞ்ச நாள் ஆகலாம். வரிசை எண்ணைப் படம் எடுக்கப் பணம் வேண்டாம். இன்று மாலை பூட்டுவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.