கரிசல் வட்டார இல்லங்களில் நகை துலக்கலும் பேணலும்: கழுகுமலைப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வானம் பார்த்த வேளாண்மையை நம்பி வாழும் கரிசல் மக்களுக்கு நகை அணிகலனாக மட்டுமின்றி இடர்க்காலச் சேமிப்பாகவும் விளங்குகிறது. எனவே, இல்லத்தில் நகையைத் துலக்கும் முறை அழகோடு மட்டும் நின்றுவிடாமல் அந்நகையின் எடையோடும் மதிப்போடும் தொடர்புடையதாகிறது. அழுக்கெடுத்தல், களிம்பெடுத்தல், மெருகேற்றல் என்னும் மூன்று செயல்களும் தம்முள் வேறானவை. இவற்றை ஒன்றெனக் கொள்வதே பொன்னிழப்புக்கு வழிவகுக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. மரபுப் பொருள்களின் பயன்பாடும் அவற்றின் எல்லைகளும் வேதியியல் அடிப்படையில் விளக்கப்பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: கரிசல், நகை துலக்கல், பூந்திக்கொட்டை, களிம்பு, மெருகு, பாம்படம், அடகு.

முன்னுரை

கழுகுமலையின் வெட்டுவான் கோயில் கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பாண்டியர் கலைப்படைப்பு. அதன் சிற்பங்களில் காதணி, ஆரம், தோள்வளை ஆகியன நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. அணிகளின் வடிவத்தையும் பெயரையும் ஆராய இத்தகைய சிற்பங்களும் இலக்கியங்களும் சான்றுகளாகப் பயன்பட்டு வருகின்றன. ஆயின், அணிந்த நகை எவ்வாறு துலக்கப்பட்டது, எவ்வாறு பேணப்பட்டது என்பது பெரும்பாலும் பெண்களின் அடுக்களை அறிவாகவே நின்றுவிட்டது. ஆய்வுலகில் போதிய இடம் பெறவில்லை. அவ்வறிவைக் கழுகுமலை, கோவில்பட்டி உள்ளிட்ட கரிசல் நிலப்பின்னணியில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். விளக்கமுறையும் பகுப்பாய்வுமுறையும் இதில் பின்பற்றப்பெறுகின்றன.

1. கரிசல் வாழ்வில் நகையின் இடம்

கரிசல் நிலத்தில் விதைப்பு வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி அமைகிறது. உளுந்து, பாசி, சோளம், கம்பு, பருத்தி ஆகியன இங்கு மானாவாரியாக விளைபவை. விதைக்கும் உழவுக்கும் பணம் தேவைப்படும் புரட்டாசி, ஐப்பசியில் நகை அடகுக்குச் செல்வதும், விளைச்சல் கைக்கு வந்தபின் மீட்கப்படுவதும் உழவர் குடும்பங்களில் வழக்கம். மீட்ட நகை துலக்கப்பெற்றுப் பங்குனி உத்திரம் போன்ற திருநாள்களில் அணியப்படுகிறது. மழை பொய்த்தால் மீண்டும் அடகுக்கே போகிறது.

அடகின்போது நகையின் எடையும் மாற்றும் மட்டுமே மதிக்கப்படுகின்றன. கல், அரக்கு, அழுக்கு ஆகியவற்றின் எடை கழிக்கப்படுகிறது; செய்கூலி கணக்கில் வருவதில்லை. ஒரு சவரன் 8 கிராம். துலக்கும்போது 100 மில்லிகிராம் பொன் தேய்ந்தால் அச்சவரனில் 1.25 விழுக்காடு போய்விடுகிறது. ஐந்து முறை அவ்வாறு தேய்ந்தால் அரைக்கிராம், அதாவது சவரனில் பதினாறில் ஒரு பங்கு, மறைந்துவிடும். இவ்விழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சமையலறைத் தராசுகளும் பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் குறைந்த மாற்றத்தைக் காட்டுவதில்லை. நகை துலக்கலின் முதன்மைச் சிக்கல் இதுவே.

2. சொல்லும் செயலும்

விளக்குதல், துலக்குதல், மெருகிடுதல் என்னும் சொற்கள் பேச்சு வழக்கில் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுவதுண்டு. ஆயின் அவை சுட்டும் செயல்களை மூன்றாகப் பகுத்துக் காண வேண்டியுள்ளது.

அழுக்கு என்பது வெளியிலிருந்து வந்து படிவது. வியர்வை, எண்ணெய், மஞ்சள், முகப்பூச்சு, கரிசல் புழுதி ஆகியன இதில் அடங்கும். இதனை நீக்கும்போது உலோகம் குறைவதில்லை.

களிம்பு என்பது உலோகத்திலிருந்தே தோன்றுவது. சைவ சித்தாந்த நூல்கள் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமையாக்குவது இதனைக் கருதியே ஆகும். செம்போடு உடனிருப்பது களிம்பு, இடையில் வந்து ஒட்டியதன்று. களிம்பாக மாறியது உலோகத்தின் ஒரு பகுதி. ஆதலின் அதனை நீக்கும்தோறும் சிறிதளவு உலோகமும் நீங்குகிறது.

மெருகு என்பது உலோகத்தின் மேற்பரப்பையே தேய்த்து மட்டமாக்கிப் பெறும் ஒளி. இதில் உலோக இழப்பு தவிர்க்க இயலாதது. பொற்கொல்லர் தெருக்களின் சாக்கடை மண்ணை அரித்துப் பொன்துகள் எடுத்து வாழ்வோர் தமிழக நகரங்களில் இருப்பது இதற்குச் சான்று.

முதற்செயல் இல்லத்துக்குரியது, இரண்டாவது அளவோடு செய்யத்தக்கது, மூன்றாவது பட்டறைக்கு உரியது. இப்பகுப்பே பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகிறது.

3. பொன்னும் பூந்திக்கொட்டையும்

தூய பொன் காற்றாலும் நீராலும் மங்குவதில்லை. 22 காரட் நகையில் 91.6 விழுக்காடு பொன்னும், எஞ்சிய 8.4 விழுக்காட்டில் செம்பு, வெள்ளி முதலியனவும் உள்ளன. அன்றாடம் அணியும் நகையின் மங்கல் பெரும்பாலும் அழுக்கே. சிறுபகுதி மட்டும் அக்கலப்பு உலோகங்களின் களிம்பு.

அழுக்கை நீக்கப் பொற்கொல்லரும் இல்லத்தாரும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவது பூந்திக்கொட்டை. பூவந்திக்கொட்டை, பொன்னாங்கொட்டை என்றும் இது வழங்கப்பெறுகிறது. இதன் தோலிலுள்ள சபோனின் என்னும் பொருள் எண்ணெயைப் பிரித்து நீரோடு கலக்கச் செய்கிறது. கரிசல் பகுதியின் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் உடையது. அந்நீரில் கட்டிச் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து வெண்ணிறக் கசடாகப் படிந்து, நகையின் இடுக்குகளில் தங்கிவிடும். சபோனின் அவ்வாறு கசடாவதில்லை. எனவே, இந்நிலத்துக்குப் பூந்திக்கொட்டையே பொருத்தமானது என்பது மரபால் மட்டுமின்றி அறிவியலாலும் உறுதிப்படுகிறது.

செய்முறை எளிது. நான்கைந்து கொட்டைகளின் விதையை நீக்கித் தோலை நசுக்கி, ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். நகையை அந்நீரில் கால்மணி நேரம் வைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் கண்ணிகளின் இடுக்கிலும் தோட்டின் பின்புறத்திலும் மெல்லத் தடவிக் கழுவலாம். ஓடும் நீரிலோ சாக்கடைத் துளையின் மேலோ கழுவுதல் கூடாது. கிண்ணத்தில் கழுவி, அந்நீரைத் தெளியவிட்டுப் பார்த்த பின்னரே கொட்ட வேண்டும். கழன்ற திருகாணியும் உதிர்ந்த கல்லும் அதில் அகப்படும். இறுதியாக நல்ல குடிநீரில் அலசிப் பருத்தித் துணியால் ஒற்றி நிழலில் உலர்த்துதல் வேண்டும்.

புளி, எலுமிச்சை ஆகியவற்றின் அமிலம் செம்புக் களிம்பைக் கரைக்கும். கல் பதியாத நகையில் நிறம் மிகக் கறுத்தபோது மட்டும், சிறிது நேரம் இவற்றைப் பயன்படுத்தி உடனே அலசுவது தகும். வாரந்தோறும் செய்யத்தக்கதன்று.

திருநீறு, பல்பொடி, செங்கற்பொடி ஆகியவற்றால் தேய்க்கும் வழக்கம் மறு ஆய்வுக்குரியது. மோ அளவுகோலில் பொன், வெள்ளி ஆகியவற்றின் கடினம் 2.5 முதல் 3 வரை. குவார்ட்சின் கடினம் 7. சாம்பலிலும் செங்கற்பொடியிலும் சிலிகா உண்டு. தேய்த்தவுடன் தோன்றும் பளபளப்பு அழுக்கு நீங்கியதால் மட்டும் வருவதன்று. பொன்னின் மேற்பரப்பும் அறுபட்டதால் வருவது. புழுதி படிந்த நகையை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதும் இத்தகையதே. முதலில் நீரில் அலசிப் புழுதியைப் போக்கிய பின்னரே துடைக்க வேண்டும். கவரிங் நகைகளில் பொன்பூச்சு மிக மெல்லியது என்பதால், அவற்றைத் தேய்த்தல் அறவே கூடாது.

4. வெள்ளியும் கந்தகமும்

வெள்ளி கறுப்பது அழுக்கால் அன்று. காற்றிலும் வியர்வையிலும் உணவிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடு என்னும் கரும்படலத்தை உண்டாக்குகின்றன. கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் பரவலாக உள்ளது. தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டோடு கந்தகமும் சேர்வதுண்டு. இம்மருந்து கையில்படும் பணியில் உள்ளோர் வெள்ளி மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவைத்துவிட்டுச் செல்வது நன்று. வெங்காயம், முட்டை ஆகியனவும் வெள்ளியைக் கறுக்கச் செய்பவையே.

கொலுசு, மெட்டி, அரைஞாண் ஆகியவற்றைப் பொடியால் தேய்த்தால் சல்பைடோடு அதிலுள்ள வெள்ளியும் போய்விடும். இழப்பற்ற வழியொன்று உண்டு. கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் வெள்ளி நகையை வைத்து, ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா என்னும் அளவில் கலந்து ஊற்ற வேண்டும். நகை தாளைத் தொட்டுக்கொண்டிருத்தல் இன்றியமையாதது. அலுமினியம் கந்தகத்தை ஏற்றுக்கொள்ள, சல்பைடில் கட்டுண்ட வெள்ளி மீண்டும் வெள்ளியாகிறது. சில நிமிடங்களில் கருமை நீங்கும். அப்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் கந்தகம் வெளியேறுவதைக் காட்டும். காற்றோட்டமுள்ள இடத்தில் இதனைச் செய்ய வேண்டும். வேலைப்பாட்டுக்காக வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகைக்கும், கல் ஒட்டிய நகைக்கும் இம்முறை ஏற்றதன்று.

5. முத்து, பவளம், கல், அரக்கு

கரிசலுக்கு அணித்தாக உள்ள தூத்துக்குடிக் கடல் முத்துக்குளிப்புக்குப் புகழ்பெற்றது. முத்தும் பவளமும் பெரும்பான்மையும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. புளியும் எலுமிச்சையும் பட்டால் இவற்றின் மேற்பரப்பு கரைந்து ஒளி என்றைக்கும் திரும்பாதபடி போய்விடும். பொன்னுக்கு ஏற்றது முத்துக்கு நஞ்சாவதை இங்குக் காணலாம். ஈரத்துணியால் துடைத்து, நூல் நன்கு உலர்ந்தபின் எடுத்துவைப்பதே முத்துமாலைக்குப் போதுமானது.

வைரம் எண்ணெயை ஈர்த்துப் பிடிக்கும் இயல்புடையது. தோட்டின் பின்புறத்தில் எண்ணெய் படிந்தாலே கல் மங்கித் தோன்றும். பின்புறம் திறந்த அமைப்பாயின் பூந்திக்கொட்டை நீர் போதும். பின்புறம் மூடி, கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துக் கட்டிய நகையை நீரில் மூழ்கவிடலாகாது. நீர் புகுந்தால் தகடு கறுத்துக் கல்லின் நிறமே மாறிவிடும். வெள்ளியின்மேல் பொன்தகடு போர்த்தி, சிவப்புக்கல் பதித்துச் செய்யப்பெறும் நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். மரகதத்தின் நுண்வெடிப்புகளில் எண்ணெய் ஊட்டியிருப்பது வழக்கமாதலின், அதற்கு வெந்நீர் ஆகாது.

தென்மாவட்ட மூதாட்டியர் அணிந்த பாம்படம், தண்டட்டி ஆகியன தனியே கருதத்தக்கவை. பாம்படம் மெல்லிய பொன்தகட்டால் செய்து, உள்ளே அரக்கு நிரப்பப்பெறுவது. வெந்நீரில் இட்டால் அரக்கு இளகித் தகடு நெளியும். நெளிந்த பாம்படத்தைச் சீராக்கும் கைவினைஞர் இன்று அரியர். ஆதலின், ஈரத்துணியும் மென்மையான துலக்கியுமே இவற்றுக்குப் போதும். இவ்வணிகள் பலவும் உருக்கப்பட்டு வேறு நகைகளாயின. எஞ்சியவை குடும்ப உடைமை என்பதோடு வட்டாரப் பண்பாட்டு ஆவணங்களாகவும் பேணத்தக்கன.

6. தெருவில் வரும் மெருகு

நகைக்கு மெருகு போட்டுத் தருவதாக வீடு தேடி வருவோர் செய்யும் மோசடி பலரும் அறிந்தது. அதன் இயக்கம் எளிமையானது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் சேர்ந்த இராச திராவகம் பொன்னைக் கரைக்கும். நகையை அதில் முக்கியெடுத்துக் கழுவினால் புதுப்பரப்பு வெளிப்பட்டு நிறம் பொலியும். கரைந்த பொன்னோ திராவகத்தோடு வந்தவர் கையில் போய்விடும். பின்னர் அதனைப் பிரித்தெடுத்துக்கொள்வர். நகை கண்ணெதிரே இருந்ததால் களவு நடந்ததாகத் தோன்றுவதில்லை. அடுத்த அடகின்போது எடை குறைவதைக் கண்டே குடும்பத்தார் உணர்வர். அப்போது பழி பெரும்பாலும் வீட்டுப் பெண்மீது விழும். நகை துலக்கல் அறிவு குடும்ப அமைதியோடும் தொடர்புடையது என்பதற்கு இதுவே சான்று.

சிலப்பதிகாரத்தில் சிலம்பு பொற்கொல்லன் பார்வைக்கு வந்ததிலிருந்து கோவலனின் வீழ்ச்சி தொடங்குகிறது. நகையைப் பிறர் கையில் கொடுக்கும் பொழுது பேரிடருக்குரியது என்னும் உணர்வு தமிழ் மரபில் ஆழ்ந்தது. எனினும் தொழிலறம் பேணும் கைவினைஞரே பழுதுபார்த்தலுக்கும் மெருகுக்கும் உரியவர். அவரிடம் கொடுக்குமுன்னும் பெற்ற பின்னும் துல்லியத் தராசில் எடையிட்டுக் குறித்து வைப்பது இருதரப்புக்கும் நலம் தரும். 2021 ஜூன் 16 முதல் இந்தியாவில் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. அம்முத்திரை மாற்றுக்கே உறுதி தருகிறது. பின்னாளில் நேரும் எடையிழப்பைத் தடுப்பதில்லை.

7. வைத்துப் பேணும் முறை

நகைகளை ஒரே பெட்டியில் குவித்து வைத்தால் வைரம் பொன்னையும், பொன் முத்தையும் கீறும். தனித்தனி மென்துணிப் பையில் வைக்க வேண்டும். வெள்ளியைக் காற்றுப்புகாத உறையில் இடலாம்; ரப்பர் பட்டை சுற்றலாகாது, அதிலும் கந்தகம் உண்டு. எண்ணெய், மஞ்சள், நறுமணத் தெளிப்பு ஆகியன பூசிய பின்னரே நகை அணிய வேண்டும். உடைந்த வெப்பமானியின் பாதரசம் பட்டுப் பொன் வெளுத்தால், வீட்டில் அதனைச் சூடாக்கக் கூடாது. எழும் ஆவி நச்சுத்தன்மை வாய்ந்தது.

முடிவுரை

நகை மங்கலை அழுக்கு, களிம்பு, மெருகிழப்பு எனப் பகுத்துணர்ந்தால், பெரும்பாலான நேரங்களில் இல்லத்தில் தேவைப்படுவது அழுக்கெடுத்தல் மட்டுமே என்பது தெளிவாகிறது. பூந்திக்கொட்டை கரிசலின் கடின நீருக்கும் ஏற்றதாதலின் மரபறிவு அறிவியலோடு இயைகிறது. சாம்பலாலும் பொடியாலும் தேய்க்கும் வழக்கத்தில் மரபு திருத்தம் வேண்டி நிற்கிறது. அமிலம் பொன்னுக்கு அளவோடு தகும், முத்துக்கும் பவளத்துக்கும் தகாது. வெந்நீர் வெள்ளிக்குத் தகும், அரக்கு நிறைந்த பாம்படத்துக்குத் தகாது. பொருளுக்கேற்ற முறையைத் தேர்வதே துலக்கல் அறிவின் சாரம். மழையை நம்பும் நிலத்தில் ஒரு சவரனின் பதினாறில் ஒரு பங்கும் விதைநெல்லுக்கு ஒப்பாகும். அதனைக் காப்பது பளபளப்பைக் கூட்டுவதினும் மேலானது என்பது இவ்வாய்வின் முடிபு. இவ்வறிவைச் சுமந்து நிற்கும் மூத்த பெண்களின் சொற்களையும் செய்முறைகளையும் ஊர்தோறும் தொகுப்பது அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.