ஹார்னுக்கு ஸ்பாஞ்ச்: வாய் விளிம்பில் மட்டும்

சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர்கள் ஹார்னுக்கு ஸ்பாஞ்ச் ஒட்டுவதாக இருந்தால் வாய் விளிம்பில் ஒட்டுங்கள். தொண்டைக்குள் ஒரு துண்டுகூடப் போகக்கூடாது. இது தெரியாத ஒருவர் கையில் என் டாப் பெட்டிகள் சிக்கியதால்தான், எருமப்பட்டிப் பக்கத்தில் வருஷா வருஷம் நான் செட் போட்டுவந்த மாரியம்மன் நோம்பி கைவிட்டுப் போனது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

பெட்டிகளில் இருந்த குறை சின்னதுதான். நேர் எதிரே நின்றால் பேச்சு சுத்தமாகக் கேட்கும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் ‘ச’வும் ‘ஸ’வும் காதைக் கிழிக்கும். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனால் பெரியவர்கள் எழுந்து தள்ளி உட்காருவார்கள். காரணம் யூனிட்டில் இல்லை, ஹார்னின் வாயில் இருந்தது. கரை திடீரென முடிகிற இடத்தில் வாய்க்கால் தண்ணீர் சுழிப்பதைப்போல, ஹார்ன் சுவரை ஒட்டி வரும் ஒலி வாய் முடிகிற கூர் விளிம்பில் சிதறுகிறது. கொஞ்சம் தொண்டைக்கே திரும்புகிறது. கொஞ்சம் விளிம்பிலிருந்து தனியாகக் கிளம்பி, நேராக வரும் ஒலியோடு சற்றுப் பிந்திக் கலக்கிறது. சில சுருதிகள் தூக்கும், சில அமுங்கும். எந்தச் சுருதி என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். அதனால்தான் மிக்ஸரில் எந்தக் குமிழைத் திருப்பினாலும் இது தீராது.

சேலத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். “வெளிநாட்டுக்காரனே ஹார்ன் பூரா ஸ்பாஞ்ச் அடைக்கிறானுங்க, நீங்க என்னண்ணா” என்று சொல்லி, கடைக்காரர் குஷன் ஸ்பாஞ்சை வெட்டி ஹார்னுக்குள் திணித்துக் கொடுத்தார். அவர் சொன்னது பாதி உண்மை. அமெரிக்காவின் ஏர்ல் கெடீஸ் தன் ஹார்ன்களின் உட்புறம் முழுவதும் ஸ்பாஞ்ச் வைத்தவர்தான். ஆனால் அவர் வைத்தது அங்குலத்துக்கு 30 துளை என்ற கணக்கில், துளைச் சுவர்கள் நீக்கப்பட்டு வலைபோல் திறந்திருக்கும் தனி ரகம். அது விழுங்கும் கூர்மையைக் கணக்கில் வைத்தே கிராஸ்ஓவரையும் அமைத்தார். சீட்டுக்குப் போடும் 32 டென்சிட்டி ஸ்பாஞ்சுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது கூர்மையை வாரி விழுங்கும்.

அதுதான் நடந்தது. நோம்பி அன்று அறிவிப்பு கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாக வந்தது. கமிட்டிக்காரர்கள் கத்தினார்கள். ஆபரேட்டர் பையன் ட்ரெபிளை ஏற்றினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். 3 டெசிபல் ஏற்றினால் யூனிட்டுக்குப் போகும் பவர் இரண்டு மடங்கு, 6 டெசிபல் ஏற்றினால் நான்கு மடங்கு. சாமி புறப்படுகிற நேரத்தில் டயாப்ரம் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகியது. பேசிய வாடகையில் பாதி பிடித்தம், மறுவருஷம் வேறு செட். கடைக்காரரிடம் போய்க் கேட்டால், “யூனிட் பழசுங்க” என்றார். பழசில்லை. அந்த வருஷம் மாற்றியவை.

பிறகு ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நானே செய்தேன். நமக்கு நாமக்கல் பக்கத்தில் இருப்பது வசதி. லாரி கேபினுக்கு சீட் தைக்கும் குஷன் கடைகளில் இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் துண்டுகள் சல்லிசாகக் கிடைக்கும். வாங்கும்போது வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வர வேண்டும். டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை பேக்கிங் ஃபோமில் காற்றுப் போகாது, அது ஒலியையும் உறிஞ்சாது. நான்கு பட்டையாக வெட்டி, ஹார்ன் சரிவு அப்படியே தொடர்வதுபோல் வாய்ப்பக்கம் மெலிதாகவும் வெளிப்பக்கம் தடிமனாகவும் சீவி, பெட்டியின் முகப்பில் வாயைச் சுற்றி ஒட்டினேன். ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போதும்.

இரண்டு அங்குலத்தைக் குறைக்காதீர்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 1,700 ஹெர்ட்ஸில் ஓர் அலை 20 சென்டிமீட்டர் நீளம். அதில் கால்பங்கு 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். அதற்கு மேலுள்ள சுருதிகளில்தான் இந்தத் தடிமன் நன்றாக வேலை செய்யும், காதைக் கிழிப்பதும் அங்கேதான். கீழே உள்ள டப்பா சத்தத்துக்கு இது மருந்தல்ல. தகர ஹார்னை விரலால் தட்டும்போது மணிபோல் ஒலித்தால், வெளிப்புறம் தார் ஷீட் ஒட்டுங்கள்.

ஸ்பாஞ்ச் ஒட்டினால் சவுண்டு குறைந்துவிடும் என்று என்னிடம் சண்டை பிடிக்கிற செட்காரர்கள் இருக்கிறார்கள். விளிம்பில் ஒட்டினால் நேரே போகும் ஒலி குறையாது, பக்கத்துச் சிதறல்தான் குறையும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை. சத்தத்தைக் கூட்டிப் பேர் வாங்கும் காலம் முடிந்துவிட்டது. குறைந்த சத்தத்தில் ஒவ்வொரு வார்த்தையும் புரியவைக்கிறவருக்குத்தான் இனி அட்வான்ஸ் வரும். அந்த நோம்பியைத் திரும்பக் கேட்டு நான் போகவில்லை. இப்போது கல்யாண மண்டபங்களில் கூப்பிடுகிறார்கள்.

ஸ்பாஞ்ச் சீக்கிரம் தீப்பிடிக்கும். வாணவேடிக்கை பக்கம் பெட்டியை வைக்காதீர்கள். வெயிலிலும் ஈரத்திலும் சில வருஷத்தில் பொடிந்துவிடும், மாற்றிக்கொள்ள வேண்டும்.

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். தடிமனான குளியல் துண்டு ஒன்றைச் சுருட்டி, ஹார்ன் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டு, தெரிந்தவர் ஒருவரை மைக்கில் பேசச் சொல்லிப் பக்கவாட்டில் நடந்து கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் குஷன் கடைக்குப் போங்கள். தெரியாவிட்டால் உங்கள் குறை வேறெங்கோ இருக்கிறது, ஸ்பாஞ்ச் வாங்க வேண்டாம்.