ஆப்பிள் பூ பார்க்கப் போகிறீர்களா? கிளம்பும் முன் சில குறிப்புகள்

சித்திரை பிறக்கும் நேரத்தில் இமாசலப் பிரதேசத்தின் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூக்கத் தொடங்கும். சிம்லா, நார்கண்டா, தானேதார், ராம்பூர், சாங்லா, கல்பா என்று ஏறி இறங்கிப் போகிற மலைச்சாலைப் பயணம் இது. வயதானவர்களையும் குழந்தைகளையும் காரில் அழைத்துப் போகிற குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. முதலில் தேதி. இன்ன நாளில் பூக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. டெலிஷியஸ் வகை ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாமல் குளிர் கிடைக்க வேண்டும். அதன் பிறகு வெயில் ஏற வேண்டும். இவை முன்பின்னானால் பூவும் ஒரு வாரம், பத்து நாள் முன்பின்னாகிவிடும். ஆனால் ஒரு விஷயம் மாறாது. பூ கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ராம்பூர் பக்கம் பிளம்ஸும் பீச்சும் மார்ச்சிலேயே பூத்து முடிந்துவிடும். 2,000 மீட்டரை ஒட்டிய கோட்கர், தானேதார் தோட்டங்களில் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மூன்று வாரங்களுக்குள் ஆப்பிள் பூக்கும். சாங்லாவிலும் கல்பாவிலும் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். ஆகவே ஏப்ரல் பதினைந்துக்குப் பிறகு போனால் எங்காவது ஓர் உயரத்தில் பூ இருக்கும். கீழே உதிர்ந்துவிட்டதா, மேலே போங்கள். மேலே இன்னும் மொட்டுதானா, கீழே ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். எல்லா இரவுக்கும் அறையை முன்பதிவு செய்து கையைக் கட்டிக்கொள்ளாமல், நடுவில் இரண்டு நாளையாவது காலியாக விடுங்கள்.

2. தங்கப் போகும் வீட்டுக்கு போன் செய்து "பூ வந்துவிட்டதா?" என்று கேட்டால் "வாங்க, வாங்க" என்றுதான் பதில் வரும். தோட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோலக் கேளுங்கள்: "பிங்க் பட்டா, ஃபுல் ப்ளூமா, பெட்டல் ஃபாலா?" மொட்டு ரோஜா நிறத்தில் திரண்டு நிற்பது பிங்க் பட், அப்போது கிளம்பினால் சரியாக இருக்கும். இதழ் உதிரத் தொடங்கிவிட்டது என்றால் அடுத்த உயரத்துக்குத் திட்டத்தை மாற்றுங்கள். ஒரே தோட்டத்தில் பூ பத்து நாள் நின்றாலே அதிகம்.

3. சிம்லாவிலிருந்து கல்பா சுமார் 230 கிலோமீட்டர். நம் ஊர் நெடுஞ்சாலைக் கணக்கில் நாலு மணி நேரம் என்று போட்டுவிடாதீர்கள்; ஒரு முழுப் பகல் ஆகும், அதுவும் பூவைப் பார்க்க எங்கும் நிற்காமல் போனால். தானேதாரில் ஓர் இரவு, சராஹனில் ஓர் இரவு, பிறகு சாங்லா, கல்பா என்று பிரித்துக்கொள்ளுங்கள். சராஹனில் மரமும் கல்லும் அடுக்கிக் கட்டிய பீமாகாளி கோயில் இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த ஒரு நாள் ஓய்வாகவும் இருக்கும்.

4. தானேதாரில் தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் சரிவுகள் ஆப்பிளால் வாழத் தொடங்கியது இங்கேதான். 1904இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கோட்கரில் குடியேறி, உள்ளூர்ப் பெண்ணை மணந்துகொண்டு, 1916இல் அமெரிக்காவிலிருந்து டெலிஷியஸ் நாற்றுகளைக் கொண்டுவந்து நட்டார். அக்கம்பக்கத்து விவசாயிகளையும் நட வைத்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1932இல் இந்துவாகி சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அவர் கட்டிய பரம்ஜோதி கோயில் தானேதாரில் இருக்கிறது. அங்கே நின்று சுற்றிலும் உள்ள தோட்டங்களைக் குழந்தைகளுக்குக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர்கள் மரங்களைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

5. மலையில் ஓட்டிப் பழகாதவர் தானே ஓட்ட வேண்டாம். சிம்லாவிலேயே உள்ளூர் டிரைவரோடு டாக்ஸி எடுங்கள். நீங்களேதான் ஓட்டுவது என்றால் மூன்றை மறக்காதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். குறுகிய இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். பிரேக் கருகும் வாடை வந்தால் வண்டியை ஓரம் கட்டித் தானாக ஆற விட வேண்டும். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

6. விடிந்ததும் கிளம்பி, பிற்பகல் மூன்று, நாலு மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேருங்கள். மதியத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும்; மேலேயிருந்து சிறு கற்கள் உருளும். மழை பெய்த மறுநாள் இது அதிகம். 2021 ஜூலையில் சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரி அருகே பாறைகள் உருண்டு ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அது மழைக்காலம், வசந்தத்தில் ஆபத்து குறைவுதான், இல்லாமல் இல்லை. 'கல் விழும் இடம்' என்று பலகை வைத்த இடத்தில் எவ்வளவு அழகான பூ தெரிந்தாலும் போட்டோவுக்காக நிறுத்தச் சொல்லாதீர்கள். வழியில் வரும் தராண்டா தேவி கோயிலில் டிரைவர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அவசரப்படுத்த வேண்டாம்.

7. ராம்பூரில் பெட்ரோல் டேங்கை நிரப்பி, ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே சிக்னல் போய்விட்டால் போனில் பணம் அனுப்ப முடியாது.

8. வளைவுகளில் வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைக் கையில் கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் கூடாது, நெய் வழியும் பரோட்டாவும் கூடாது. இஞ்சி மரப்பா, காய்ந்த நார்த்தங்காய்த் துண்டு இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். மாத்திரை போடுவதானால் டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

9. முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. பிறகு புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு இருந்தால் போதும். சாதமும் சப்பாத்தியும் எங்கும் கிடைக்கும். ஆனால் ஒரு வேளையாவது அங்கத்திய சித்துவைச் சாப்பிடுங்கள். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே வால்நட்டோ கசகசாவோ வைத்து ஆவியில் வேக வைத்து, நெய் ஊற்றித் தருவார்கள். மாவு புளித்து ஆவியில் வெந்த பண்டம் நம் வயிற்றுக்குப் பழக்கம்தான்.

10. மின்சாரக் கெட்டிலில் அரிசி வேகவில்லையே என்று மலைக்காதீர்கள். கல்பா ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீருக்கே சூடு குறைவு என்பதால் அரிசி நேரம் பிடிக்கும், பருப்பு குக்கர் இல்லாமல் லேசில் வேகாது. மெல்லிய அவல், வறுத்த ரவை, சேமியா கொண்டுபோங்கள். டீத்தூளைக் கொஞ்சம் கூடப் போடுங்கள். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் மேலே போனதும் உப்பிக்கொள்ளும். கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள்.

11. தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலில் வைத்தால் ஒரு சொட்டு வராது, அகன்ற வாய் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். இரவில் போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

12. ஒரே கனமான ஸ்வெட்டரைவிட மெல்லிய உடைகளை அடுக்கிப் போடுவது நல்லது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ராத்திரி 5 டிகிரிக்கும் கீழே போகும். துவைத்த துணி காயாது. காய்ந்த துண்டில் சுருட்டி மிதித்துப் பிழிந்து, பிறகு உலர்த்தினால் காலையில் போட்டுக்கொள்ளலாம்.

13. தோட்டத்துக்குள் போவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலி இல்லாவிட்டாலும் அது ஒருவருடைய ஒரு வருஷத்து வருமானம். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் நம் வயலில் அந்நியர் இறங்கி நடந்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும். வீட்டு வாசலில் நின்று "நமஸ்தே ஜி, பகீச்சா தேக் சக்தே ஹைன்?" (தோட்டத்தைப் பார்க்கலாமா?) என்று கேளுங்கள். பெரும்பாலும் டீயும் சேர்த்துக் கிடைக்கும். உள்ளே போனதும் ஒரு பூங்கொத்தை நிதானமாகப் பாருங்கள். ஐந்தாறு பூ சேர்ந்திருக்கும். நடுவில் இருப்பதுதான் முதலில் விரியும், நல்ல பெரிய பழமும் அதில்தான் வரும். அதற்குப் பெயர் கிங் ப்ளூம். மற்றவை வெளிறிய ரோஜா நிறத்தில் சுற்றி நிற்கும்போது அது மட்டும் வெள்ளையாக விரிந்திருக்கும். தலையில் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கும் பூவும் அதுதான். பறிக்காதீர்கள். கிளையை இழுத்து வளைத்தும் போட்டோ எடுக்காதீர்கள்.

சில மரங்களில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்கள் தொங்கும், அவற்றில் வேறு மரத்தின் பூங்கிளைகள் செருகியிருக்கும். குப்பை என்று நினைத்துக் குழந்தைகள் கழற்றிவிடக் கூடாது. ராயல் டெலிஷியஸ் தன் மகரந்தத்தால் காய்க்காது. கோல்டன் டெலிஷியஸ், ரெட் கோல்டு போன்ற வேறு வகையின் மகரந்தம் வேண்டும். பக்கத்தில் அந்த மரம் இல்லாதவர்கள் கிளையை வெட்டிவந்து இப்படிக் கட்டி வைப்பார்கள். மிச்ச வேலையைத் தேனீ செய்துவிடும்.

14. அதனால் தேனீப் பெட்டிகளும் இருக்கும். பெட்டிக்கு நேர் முன்னே நிற்காமல் பின்பக்கமாக நடந்து போங்கள். அன்றைக்கு சென்ட், வாசனை எண்ணெய் வேண்டாம். கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். மூச்சுத் திணறினாலோ உதடு வீங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

15. பூப்பதற்கு முன்னும் பின்னும் மருந்து அடிப்பார்கள். தோட்டத்தை விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

16. கல்பாவில் பூவும் பின்னால் கின்னர் கைலாஷ் பனிமலையும் சேர்ந்து படத்தில் வர வேண்டுமானால் மாலையில் எடுங்கள். காலையில் சூரியன் அந்த மலைக்குப் பின்னாலிருந்து வரும், மலை கருத்துவிடும். மாலை வெயில்தான் பனியின் மேல் நேராக விழும். ஆலங்கட்டிக்கு எதிராக வலை விரித்த தோட்டங்களில் தூரத்திலிருந்து பூ தெரியாது, வலை இல்லாத தோட்டமாகப் பாருங்கள்.

17. ஆலங்கட்டி மழை பெய்தால் குழந்தைகள் துள்ளுவார்கள். தங்கியிருக்கும் வீட்டுக்காரர் முன்னால் வேண்டாம். பூக்காலத்தில் ஒரு கால் மணி நேர ஆலங்கட்டியில் அவர்களுடைய விளைச்சலே போய்விடலாம்.

18. நினைவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஈரம் போகத் துடைத்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, கனமான பொருளின் அடியில் அழுத்தி, மறுநாள் தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பழுப்பாகிவிடும்.

19. சாங்லாவிலிருந்து மேலே போனால் வரும் சித்குல் 3,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் போய்ப் பார்த்துவிட்டு இரவு சாங்லாவுக்கே இறங்கிவிடுவது பெரியவர்களுக்கு நல்லது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

20. ஸ்பிதி வழியாகச் சுற்றி மணாலிக்குப் போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்சும் கணவாய் ஏப்ரலில் பனியால் மூடியிருக்கும். வந்த வழியே திரும்புங்கள். குல்லுவும் பார்க்க வேண்டுமென்றால் நார்கண்டா பக்கம் வந்து ஜலோரி கணவாய் வழியாகப் போகலாம். திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். போகிற வழிக் காடுகளில் சிவப்பாகப் பூத்திருப்பது புராஞ்ச். நீலகிரியில் நாம் காட்டுப் பூவரசு என்று சொல்லும் மரத்தின் நெருங்கிய சொந்தம். அதன் பூவில் செய்த ஸ்குவாஷ் சாலையோரக் கடைகளில் கிடைக்கும்.

21. ஏப்ரலில் விற்கும் ஆப்பிள் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவது. அதைச் சுமந்து வராதீர்கள். சாங்லாவும் கல்பாவும் இருக்கும் கின்னோர் மாவட்டத்தின் சில்கோசா எனும் பைன் விதை, உலர்ந்த ஆப்ரிகாட், சுல்லி எனும் காட்டு ஆப்ரிகாட் கொட்டையில் ஆட்டிய எண்ணெய் வாங்கலாம். சில்கோசாவில் எண்ணெய்ப் பசை அதிகம். வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலில் சிக்கு வாடை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆப்ரிகாட் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு கசந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அந்தக் கசப்பு உடலுக்குள் சயனைடாக மாறக்கூடியது. எண்ணெய் பாட்டிலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, விமானத்தில் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.