கூட்டுச் சொட்டு மருந்தும் அதன் சோதனையும்

கண் வறட்சிக்காக எங்களிடம் வருவோரில் பலர் இரண்டு மூன்று சொட்டு மருந்துக் குப்பிகளோடு வருகின்றனர். “இவற்றை ஒரே குப்பியில் கலந்து தரலாகாதா?” என்று அவர்கள் கேட்பது நியாயமே. இமைக்குள் ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர் திரவமே தங்கும். குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு பெரும்பாலும் அதனினும் பெரிது. முதல் சொட்டு விட்டவுடனே இரண்டாவதையும் விட்டால், பின்னது முன்னதைக் கழுவிக் கன்னத்தில் வழியவிடும். இடையில் ஐந்து நிமிடமாவது பொறுத்திருக்குமாறு நாங்கள் கூறுவது இதனால்தான். பெற்றோருக்குச் சொட்டு விட்டுவிட்டு வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடம் எளிதன்று என்பதையும் அறிவோம்.

ஆயினும் கலப்பது அத்துணை எளிய செயலன்று. வறட்சியோடு பெரும்பாலும் அழற்சியும் சேர்ந்திருக்கும். அதைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டின் பலன் தெரியச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்களும் ஆகும். தொடக்கத்தில் எரிச்சலும் உண்டு. அதற்கு அஞ்சியே இடையில் நிறுத்திவிடுவோர் பலர். ஸ்டீராய்டு சொட்டோ விரைவில் ஆறுதல் தரும். ஆனால் நெடுநாள் தொடர்ந்தால் கண்ணழுத்தம் உயரலாம், புரை வளரலாம். ஆகவே சிலருக்கு முதற்சில வாரங்கள் இரண்டையும் கொடுத்து, பின்னர் ஸ்டீராய்டை மட்டும் விலக்குவதுண்டு. ஒரே குப்பியில் கலந்துவிட்டால் ஒன்றை மட்டும் எவ்வாறு விலக்குவது? இத்தகைய கூட்டு மருந்தைச் சோதிப்போர் முதலில் விடை காண வேண்டிய வினா இதுவே.

அடுத்த இடர், சொட்டின் ஈரமே ஓரளவு மருந்தாகிவிடுவது. மருந்துப் பொருள் சேர்க்காத வெறுங்குழம்பும் கண்ணை நனைத்து ஆறுதல் அளிக்கும். அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற 0.05 விழுக்காடு சைக்ளோஸ்போரின் சொட்டை எடுத்துக்கொள்வோம். கீழிமையில் தாள் பட்டையைச் செருகி ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்க்கும் ஷிர்மர் சோதனையில், ஆறு மாதத்தில் 10 மி.மீ. முன்னேற்றம் கண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். வெறுங்குழம்பு பெற்றோரிலும் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் அதே முன்னேற்றத்தை அடைந்தனர். ஒப்பிட அக்குழுவினர் இல்லாதிருந்தால் 15 முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்போம். கூட்டு மருந்துக்கோ இந்த ஒப்பீடு மட்டும் போதாது. அதிலுள்ள ஒவ்வொரு மருந்தையும் தனித்துப் பெறுவோரைக் காட்டிலும் கூடுதல் நன்மை தெரியவேண்டும். அன்றேல், இரண்டாவது மருந்தின் தீங்கை மட்டும் நோயாளி வீணே சுமப்பார்.

தனித்தனியே ஒப்புதல் பெற்ற இரு மருந்துகளாயினும், குறித்த அளவில் முதன்முறை கலக்கும்போது அதனைப் புதிய மருந்தாகவே நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகள் கருதுகின்றன. இத்தகைய ஆய்வில் சேருமாறு உங்களிடம் கேட்கப்பட்டால், வெறுங்குழம்பு கிடைக்க வாய்ப்புண்டா, கண்ணழுத்தம் எப்போதெல்லாம் அளக்கப்படும் என்று தயங்காமல் கேளுங்கள். காரணம் கூறாமலே விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் வழக்கமான சிகிச்சை தடைபடாது. சேர்ந்த பின்னர், எரிச்சல் தாளாமல் வீட்டிலுள்ள பழைய சொட்டை விட நேர்ந்தால் மறைக்காதீர்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். கணக்கில் அதனைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஆய்வில் சேராதோருக்கும் ஒரு வேண்டுகோள். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டைத் தொடர்ந்து வாங்காதீர்கள். உயர்ந்த அழுத்தத்தால் இழந்த பார்வை திரும்புவதில்லை. தொடக்கத்தில் வலியும் இராது. அடுத்த முறை வருகையில் வீட்டிலுள்ள குப்பிகள் அனைத்தையும், பாதி தீர்ந்தவை உட்பட, எடுத்து வாருங்கள்.